சென்னையிலிருந்து அமெரிக்கா: எந்த ஊரில் விமானம் மாறுவது நல்லது?

அப்பா அம்மாவுக்கு அமெரிக்க டிக்கெட் தேடும் பிள்ளைகள் வழக்கமாகப் பார்ப்பது விலையை, மொத்தப் பயண நேரத்தை, எத்தனை பெட்டி அனுமதி என்பதை. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கேயாவது ஓர் ஊரில் மாறித்தான் ஆகவேண்டும். அந்த ஊரில் செக்யூரிட்டி சோதனை மறுபடி உண்டா, அது இறங்கியவுடனா அல்லது ஏறுவதற்குச் சற்று முன்பா, அமெரிக்காவில் இறங்கிய பிறகு இன்னொன்று காத்திருக்கிறதா என்று பார்த்து டிக்கெட் எடுப்பவர்கள் குறைவு. டிக்கெட் விற்கும் தளங்களும் இதைக் காட்டுவதில்லை. ஆனால் முழங்கால் வலியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்த எழுபது வயதுக்காரரிடம், பயணத்தில் எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்று, மாத்திரைப் பையைத் திற, கையைத் தூக்கு, திரும்பி நில் என்று சொன்ன அந்த வரிசையைத்தான் சொல்வார்.

இதில் என் கட்சி இதுதான். எத்தனை சோதனை என்று எண்ணுவதைவிட, கடைசிச் சோதனை எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இறங்கி, கனத்த பெட்டிகளை இழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த விமானத்துக்கு ஓடும்போது நடந்தால் அதுதான் மோசமான வழி. அதற்கு முன்பே எங்கேயாவது முடிந்துவிட்டால், கூட ஒரு சோதனை இருந்தாலும் பரவாயில்லை.

ஏன் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள்?

“சென்னையிலேயே நன்றாகப் பார்த்துத்தானே அனுப்பினார்கள், நடுவில் நாங்கள் வெளியே போகவே இல்லையே” என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் இருக்கிறது. 1974ல் ஏற்கப்பட்ட 17ஆவது இணைப்பு என்ற ஆவணம்தான் விமானப் பாதுகாப்புக்கு அடிப்படை. விமானம் மாறும் பயணியையும் அவருடைய கைப்பையையும் அடுத்த விமானத்தில் ஏற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. முதலில் ஏறிய ஊரின் சோதனை தன்னுடைய சோதனைக்கு ஈடானது என்று ஒரு நாடு ஆராய்ந்து ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

விமானம் மாறும் இடம்தான் பாதுகாப்பில் ஓட்டை விழும் இடம் என்பதை உலகம் பல உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1985 ஜூனில் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் வெடித்துச் சிதறிய ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் இறந்தார்கள். அந்தக் குண்டு இருந்த பெட்டி வான்கூவரில் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றப்பட்டு, டொரன்டோவில் ஏர் இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. பெட்டிக்குச் சொந்தக்காரர் எந்த விமானத்திலும் ஏறவில்லை. 1988ல் லாக்கர்பி மேல் வெடித்த பான் ஆம் விமானத்தின் பெட்டியும் வேறு விமானத்திலிருந்து மாறி வந்ததுதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நம் ஊரிலேயே, 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மீனம்பாக்கத்தில் வெடித்துப் பலரைக் கொன்ற பெட்டிகள் கொழும்பு விமானத்துக்கென்று பதிவு செய்யப்பட்டு, ஆள் ஏறாமல் விடப்பட்டவை. “முன்னால் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள்” என்ற நம்பிக்கையை யாரும் இன்று ஏற்காததற்கு இவ்வளவு பின்னணி இருக்கிறது. எனக்கு அந்த வரிசையில் எரிச்சல் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவது 2006 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வழக்கம். லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட சதியைப் பிடித்த பிறகுதான் 100 மில்லி வரம்பு உலகம் முழுக்கப் பரவியது.

விலக்கு உண்டு என்று சொன்னேன் அல்லவா? ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் எல்லாம் அதில் இருக்கின்றன. இந்தியா இல்லை. ஆகவே சென்னையில் ஏறியவர் எந்த ஊரில் மாறினாலும் ஒரு தடவையாவது மறுசோதனை உண்டு. அதைத் தவிர்க்கிற வழி என்று ஒன்று கிடையாது. எங்கே, எப்போது என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

அமெரிக்காவில் இறங்கிய பிறகு நடப்பது

வழியில் உள்ள ஊர்களை ஒப்பிடுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை இருப்பது ராலே, கொலம்பஸ், நாஷ்வில் போன்ற ஊர் என்றால் அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டிவரும். அமெரிக்காவில் “ட்ரான்சிட் பகுதி” என்ற ஒன்றே இல்லை. முதலில் கால் வைக்கும் விமான நிலையத்தில் எல்லாரும் இமிகிரேஷன் முடிக்க வேண்டும். அப்புறம் செக்-இன் பெட்டிகளை பெல்ட்டில் தேடி எடுக்க வேண்டும். சென்னையிலேயே கடைசி ஊருக்கு டேக் ஒட்டியிருந்தாலும் எடுத்துத்தான் ஆகவேண்டும். கஸ்டம்ஸைத் தாண்டியதும் பெட்டிகளை மறுபடி ஒப்படைக்கும் இடம் வரும். அங்கே போட்டுவிட்டு, உள்நாட்டு விமானத்துக்கு முழு செக்யூரிட்டி வரிசையில் நிற்க வேண்டும்.

சொல்லும்போது நாலு வரிதான். செய்யும்போது எப்படி இருக்கும்? ஒரு பெட்டி 23 கிலோ. ஆளுக்கு இரண்டு. சுற்றும் பெல்ட்டில் பாதிப் பெட்டிகள் ஒரே கருநீல நிறம். அடையாளத்துக்குக் கட்டிய சிவப்பு ரிப்பன் அடிப்பக்கம் போய் மறைந்திருக்கும். இழுத்து இறக்கும்போது சக்கரம் காலில் விழும். வீல்சேர் தள்ளுபவர் உதவுவார்தான். ஆனால் ஒரே ஆள் ஒரு வீல்சேரையும் நாலு பெட்டியையும் தள்ள முடியாது. இதற்குள் அடுத்த விமானத்தின் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். துபாயில் வாங்கிய சென்ட், பெர்ஃப்யூம் பாட்டில் கைப்பையில் இருந்தால், சீல் பிரியாத பையில், 48 மணி நேரத்துக்குள் வாங்கிய ரசீதோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். புத்திசாலிகள் பெட்டி கைக்கு வந்த அந்தச் சில நிமிடங்களில் அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

ஒரு நல்ல செய்தி: 2025 ஜூலையிலிருந்து அமெரிக்க விமான நிலையங்களில் எல்லாரும் செருப்பையும் ஷூவையும் கழற்ற வேண்டும் என்ற விதி போய்விட்டது. குனிய முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அதே வருடம், லண்டன் ஹீத்ரோவிலிருந்து டல்லாஸ் போகும் சில விமானங்களின் பயணிகளுக்குப் பெட்டி எடுப்பதும் மறுசோதனையும் இல்லாத ஓர் ஏற்பாட்டைச் சோதனை முறையில் தொடங்கினார்கள். இது பரவினால் நான் இங்கே எழுதுவதில் பாதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அந்த நாள் வரட்டும்.

துபாய், தோஹா

சென்னைக்காரர்கள் பெரும்பாலும் போகும் வழி. நாலு, நாலரை மணி நேரத்தில் முதல் விமானம் முடிந்துவிடும். இறங்கி நடந்தால் இணைப்புப் பயணிகளுக்கான செக்யூரிட்டி; அதைத் தாண்டினால் கடைகள், சாப்பாடு, உட்கார இடம். அமெரிக்க விமானங்களுக்குப் பெரும்பாலும் கேட் அருகே இன்னொரு சுற்று உண்டு: பாஸ்போர்ட் பார்ப்பது, இரண்டு கேள்வி, சிலருடைய பையைத் திறப்பது. போர்டிங் பாஸில் வரிசையாக நாலு எஸ் அச்சாகியிருந்தால் கூடுதல் சோதனை கட்டாயம். கையையும் பையையும் துணியால் துடைத்து மெஷினில் வைப்பார்கள். குற்றம் செய்துவிட்டோமோ என்று பெரியவர்கள் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று முன்பே சொல்லி வைப்பது நல்லது.

இந்த வழியின் பலம், போய்ச் சேரும் ஊர்களின் எண்ணிக்கை. டல்லாஸ், ஹூஸ்டன், சிகாகோ, பாஸ்டன், வாஷிங்டன், சியாட்டில், சான் ஃபிரான்சிஸ்கோ என்று பெரிய ஊர்களுக்கெல்லாம் இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் நேராக விமானம் இருக்கிறது. பிள்ளை அந்த ஊரிலேயே இருந்தால், அமெரிக்காவில் மறுசோதனை கிடையாது. பெட்டி எடுத்தால் அடுத்தது வாசல்தான். டெக்ஸாஸில் டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

பலவீனம் கூட்டம். இந்த விமான நிலையங்கள் வேலை செய்யும் முறையே பல ஊர் விமானங்களை ஒரே நேரத்தில் இறக்கி, ஒரே நேரத்தில் கிளப்பி விடுவது. செக்யூரிட்டி வாசலுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக வந்து நிற்பார்கள். ஒன்றரை மணி நேர இணைப்பு இளைஞர்களுக்குச் சரி. பெரியவர்களுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள். இன்னொன்று, வளைகுடாவில் பதற்றம் வந்தால் வான்வெளியே மூடப்படலாம். 2025 ஜூன் 23 அன்று கத்தார் அப்படி மூடியது. தனியாகப் போகும் பெரியவர்களை அனுப்பும் முன் அந்த வாரத்துச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைகுடா விமான நிலையம் ஒன்றில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர். சென்னை டியூட்டி ஃப்ரீயில் மகளுக்கு வாங்கிய சென்ட் பாட்டில் அவர் கையில். கடையில் சிவப்புக் கோடு போட்ட பிளாஸ்டிக் பையில் சீல் வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து சீட் அம்மாவுக்குக் காட்ட விமானத்திலேயே பிரித்துவிட்டார். ஸ்கேனர் முன் நின்ற பெண், கிழிந்த ஓரத்தை விரலால் தடவிக் காட்டி, தலையை ஆட்டினார். பெரியவர் ரசீதை நீட்டினார், மறுபடி நீட்டினார். பாட்டில் தொட்டிக்குள் போய்விட்டது. அவருக்கு மொழி புரியாததால் நான் சொன்னேன். சீல் பிரிந்தால் ரசீதுக்கு மதிப்பில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதை முதல் கடையிலேயே யாராவது தமிழில் சொல்லியிருக்கலாம்.

அபுதாபி

என் கணக்கில் சின்ன ஊர்களில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு இதுதான் முதல் தேர்வு. காரணம் ஒன்றே ஒன்று: 2014 ஜனவரியிலிருந்து அங்கே அமெரிக்க இமிகிரேஷன் அலுவலகமே இயங்குகிறது. அமெரிக்க அதிகாரிகள் அபுதாபியிலேயே விசாவைப் பார்த்து, கேள்வி கேட்டு, முத்திரை விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன் அமெரிக்கத் தரத்திலான செக்யூரிட்டி சோதனையும் அங்கேயே. நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கும்போது நீங்கள் உள்ளூர்ப் பயணியைப் போலத்தான். இமிகிரேஷன் வரிசை இல்லை. ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி கடைசி ஊருக்கே போய்விடும். அடுத்த விமானம் அதே டெர்மினலில் என்றால் மறுசோதனை இல்லாமல் அடுத்த கேட்டுக்கு நடந்து போகலாம். மத்திய கிழக்கில் இந்த வசதி உள்ள ஒரே ஊர் அபுதாபி. ஐரோப்பாவில் அயர்லாந்தின் டப்ளின், ஷானன் இரண்டிலும் உண்டு. ஆனால் சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானம் இல்லை.

சோதனைகளை எண்ணினால் இதில் ஒன்று கூடும். சென்னை விமானத்தைவிட்டு இறங்கியதும் ஒன்று, அமெரிக்கப் பகுதிக்குள் நுழையும்போது இன்னொன்று. ஆனால் இரண்டும் பெட்டியைத் தூக்காமல், ஒரே கட்டடத்துக்குள், வீல்சேரில் உட்கார்ந்தபடியே முடிகின்றன. 2023 நவம்பரில் திறந்த புது டெர்மினலில் நடைபாதைகளும் விசாலம்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இமிகிரேஷன் அதிகாரியின் திரையில் உங்கள் செக்-இன் பெட்டியின் படம் வர வேண்டும். அது சென்னை விமானத்திலிருந்து இறங்கி, ஸ்கேன் ஆகி, கணக்கில் ஏறும்வரை உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். இணைப்பு நேரம் குறைவாக இருந்தால் வியர்த்துவிடும். ஆகவே இரண்டு மணி நேர இணைப்பை எடுக்காதீர்கள். மூன்றரை மணி நேரம் இருந்தால் நிம்மதி. உள்ளே போன பிறகு கடைகள் குறைவு. சாப்பிட வேண்டியதை வெளியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவுக்குள் விடமாட்டோம் என்று அதிகாரி சொல்லிவிட்டால், அபுதாபியிலிருந்தே நாலு மணி நேரத்தில் ஊர் திரும்பலாம். பதினாலு மணி நேரம் பறந்து போய் அங்கே கேட்பதைவிட இது மேல். யாரும் விரும்பி நினைக்காத விஷயம்தான், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு இதுவும் ஒரு கணக்கு.

சிங்கப்பூர்

சாங்கியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் டெர்மினல்களில் செக்யூரிட்டி வாசலே கேட்டில்தான். இறங்கியதும் யாரும் நிறுத்துவதில்லை. நேரே கடைகளுக்கு நடுவே நடக்கலாம், நாற்காலியில் சாயலாம், தமிழில் பேசுகிறவர்களும் கிடைப்பார்கள். அறிவிப்புப் பலகைகளிலும் தமிழ் இருக்கும். விமானம் ஏறுவதற்குச் சற்று முன்புதான் அந்தந்த கேட்டின் வாசலில் ஸ்கேனர். உங்கள் விமானத்துக்காரர்கள் மட்டுமே வரிசையில் இருப்பதால் கூட்டம் அளவோடுதான் இருக்கும். நாலாவது டெர்மினலில் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் சோதனை.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே வாங்கிய தண்ணீர் பாட்டிலைக் கேட்டில் கொட்ட வேண்டிவரும். நாலு மணி நேரமாகப் பக்கத்திலேயே வைத்திருந்த பாட்டிலை ஏன் கொட்டச் சொல்கிறார்கள் என்று பலருக்குப் புரிவதில்லை. காலி பாட்டிலாகக் கொண்டு போகலாம். கேட் அறைக்குள் போய்விட்டால் திரும்பி வருவது சுலபமில்லை, அதனால் பாத்ரூம் வேலையை முடித்துவிட்டு நுழையச் சொல்லுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சியாட்டில் பக்கம் போகிறவர்களுக்கு சிங்கப்பூர் நல்ல வழி. கிழக்குக் கரைக்கு அங்கிருந்து நியூயார்க் போகும் நேரடி விமானம் இருந்தாலும் பதினெட்டு மணி நேரம் உட்கார வேண்டும். ரத்த ஓட்டப் பிரச்சினை உள்ளவர்களை அதில் ஏற்ற எனக்கு மனசு வராது.

லண்டன், ஃபிராங்க்ஃபர்ட்

ஐரோப்பா வழி என்றாலே பலர் தயங்குகிறார்கள். ட்ரான்சிட் விசா பயம் ஒரு காரணம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால், இந்தியர்களுக்கு இந்த இரண்டு இடத்திலும் விமானம் மாற மட்டும் தனி விசா தேவைப்படுவதில்லை. செக்யூரிட்டி உண்டு, இறங்கியதும். ஹீத்ரோவில் டெர்மினல் மாற வேண்டியிருந்தால் முதலில் பஸ், அப்புறம் வரிசை. டிக்கெட்டில் இரண்டு விமானமும் ஐந்தாவது டெர்மினலிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுக்கு மாறினால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வழியை நான் முழுசாக ஒதுக்காததற்குக் காரணம் இருக்கிறது. லண்டனிலிருந்து ஆஸ்டின், ஃபீனிக்ஸ், சான் டியேகோ, நாஷ்வில் போன்ற ஊர்களுக்கும், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து டென்வர், ராலே போன்ற ஊர்களுக்கும் நேராகப் போகும் சேவைகள் உள்ளன. வளைகுடா விமானங்கள் இங்கெல்லாம் போவதில்லை. ஆஸ்டினில் பிள்ளை இருந்தால், டல்லாஸில் பெட்டி எடுத்து மறுசோதனை செய்து இன்னொரு விமானம் ஏறுவதைவிட, லண்டனில் ஒரு தடவை வரிசையில் நின்று நேராக ஆஸ்டினில் இறங்குவது எத்தனையோ மேல். சில சேவைகள் கோடையில் மட்டும் பறப்பவை. தேதியைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.

டெல்லி, மும்பை

சென்னையிலிருந்து உள்நாட்டு விமானத்தில் போய் அங்கே சர்வதேச விமானம் மாறுவது. ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேராகப் போகும். இமிகிரேஷனும் செக்யூரிட்டியும் அங்கே மறுபடி. சாப்பாடும் விசாரிப்பும் பழகிய விதத்தில் இருக்கும் என்பது ஆறுதல். போகும்போது இது மோசமில்லை. திரும்பும்போதுதான் வேதனை. அமெரிக்காவில் சொன்ன அதே கதை இங்கேயும்: இமிகிரேஷன், பெட்டி எடுப்பது, கஸ்டம்ஸ், பெட்டியை மறுபடி கொடுப்பது, செக்யூரிட்டி, அப்புறம் சென்னை விமானம். பதினைந்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு அது ரொம்ப அதிகம்.

தனித்தனி டிக்கெட்

சென்னையிலிருந்து கொழும்புக்கோ துபாய்க்கோ ஒரு டிக்கெட், அங்கிருந்து அமெரிக்காவுக்கு வேறொரு டிக்கெட் என்று எடுத்தால் இருபது, முப்பதாயிரம் மிச்சமாகிற மாதிரி தெரியும். வேண்டாம். பெட்டி உங்களோடு வராது. அந்த நாட்டுக்குள் போய், விசா காட்டி, பெட்டியை எடுத்து, புதிதாக செக்-இன் செய்து, முழுச் சோதனையும் மறுபடி. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு மட்டுமல்ல, யாருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன்.

கைப்பையில் என்ன இருக்கிறது என்பதும் முடிவைப் பாதிக்கும்

வரிசை நீளுவதற்குப் பாதிக் காரணம் நம் பைகள்தான். 2018 ஜூன் கடைசியிலிருந்து அமெரிக்கா போகும் சர்வதேச விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் தனிச் சோதனை. சாம்பார் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, சத்து மாவு எல்லாம் இதில் அடங்கும். பொட்டலத்தைத் திறந்து பார்த்தும் அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் ஏற்ற விடமாட்டார்கள். பொடிகளெல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். நெய்யும் ஊறுகாயும் தொக்கும் சோதிப்பவர் கண்ணுக்குத் திரவம்தான்.

கசகசாவை எங்கேயும் வைக்காதீர்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். விமானம் மாறுகிறவரிடம் கிடைத்தாலும் சிக்கல்தான். வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மருந்துகளுக்கு 100 மில்லி வரம்பு பொருந்தாது. இன்சுலின், இருமல் சிரப் எல்லாம் டாக்டர் சீட்டோடு தனிப் பையில், கேட்டவுடன் எடுத்துக் காட்டும்படி மேலே இருக்கட்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதற்கான அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மெட்டல் டிடெக்டருக்குள் நுழையும் முன் காட்டிவிட வேண்டும். கையால் தடவிச் சோதிப்பார்கள். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் பதறாமல் தனி அறை கேட்கலாம். பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது.

வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது. நடக்க முடிகிறவர்கள்கூட விமான நிலையத் தூரத்துக்காக இதைக் கேட்பதில் தப்பில்லை. வீல்சேர்க்காரர்களைத் தனி வரிசையில் அழைத்துப் போவது பல இடங்களில் வழக்கம். மொழி தெரியாதவருக்கு அதைவிடப் பெரிய உதவி, எந்தக் கேட் என்று தெரிந்த ஒருவர் கூடவே இருப்பது.

ஊரை வைத்து முடிவு

எந்த விமான நிறுவனம் என்பதைக் கடைசியில் பாருங்கள். பிள்ளை இருக்கும் ஊரில் முதலில் ஆரம்பியுங்கள். வளைகுடாவிலிருந்து அந்த ஊருக்கே நேர் விமானம் இருந்தால் துபாயோ தோஹாவோ, மூன்று மணி நேர இணைப்போடு. மேற்குக் கரை என்றால் சிங்கப்பூரை முதலில் பார்க்கலாம். லண்டனிலிருந்தோ ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தோ மட்டும் நேர் விமானம் இருந்தால், விசா சரிபார்த்துக்கொண்டு அதுவே. இவை எதுவும் பொருந்தாமல் எப்படியும் அமெரிக்காவுக்குள் ஒரு தடவை மாறித்தான் ஆகவேண்டும் என்றால் அபுதாபி. கொஞ்சம் விலை கூடினாலும் நான் அதைத்தான் எடுப்பேன். அபுதாபியும் கிடைக்காமல் வேறு வழியில் போனால், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் நாலு மணி நேரம் இணைப்பு வையுங்கள். இரண்டு மணி நேரம் என்று தளம் காட்டுவதை நம்பாதீர்கள்.

திரும்பி வருவதற்கு இதே கணக்கைப் போடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் வெளியேறும் இமிகிரேஷன் வரிசை இல்லை. ஒரே டிக்கெட்டில் பெட்டி நேரே சென்னைக்குப் போகும். அமெரிக்காவின் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொள்வதால், போகும்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் வரிசையில் நின்றவர், திரும்பும்போது விதிப்படி அங்கே மறுபடி சோதிக்கப்பட வேண்டியதில்லை. வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களோடு கலந்துவிடும் வழியாகப் போனால் மட்டும் வரிசை உண்டு. துபாய், தோஹா, அபுதாபியில் திரும்பும்போதும் ஒரு சோதனை இருக்கும். அபுதாபியின் சிறப்பு போகும் வழிக்கு மட்டும்தான்; வரும் வழிக்கு அது மற்ற ஊர்களைப் போலத்தான். இரண்டு வழிக்கும் ஒரே நிறுவனத்தில் ரவுண்ட் ட்ரிப் எடுப்பதுதான் மலிவு என்பதால், போகும் வழியை வைத்தே முடிவு செய்யுங்கள். வரும்போது சென்னை விமான நிலைய வாசலில் பெட்டியை வாங்க யாராவது நிற்பார்கள்.